முன்னே பருத்துப் பின்னே மெலிந்து

நடைமேடையில் எழும் ஐயம்

மும்பையின் பாண்டுப் நிலையத்தில் நில்லாமல் கடந்துபோகும் விரைவு வண்டியை, மஞ்சள் கோட்டுக்கு இப்பால் பத்திரமாக நின்று கவனித்தவர்கள் ஒரு விஷயத்தைத் தங்கள் அநுபவத்திலேயே அறிந்திருப்பார்கள். வண்டியின் முகம் நெருங்கும்போது காற்று நம்மை அப்புறம் தள்ளுகிறது. கடைசிப் பெட்டி கடந்த பிறகோ, தண்டவாளத்தின் ஓரம் கிடந்த காகிதத் துண்டுகளும் புழுதியும் எழுந்து, வண்டி போன திசையிலேயே சிறிது தூரம் ஓடி விழுகின்றன. வரும்போது தள்ளிய காற்று, போகும்போது ஏன் இழுக்கிறது?

இந்த ஐயத்தை மனத்தில் இருத்திக்கொண்டு, காரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் ஒரு சின்னஞ்சிறு வீட்டை எண்ணிப் பாருங்கள். இருவர் படுத்துறங்குவதற்கும், பின்கதவைத் தூக்கினால் அடுப்பு மூட்டுவதற்கும் மட்டும் இடங்கொண்ட அந்த டிரெய்லரை இனி இழுவண்டி என்றே குறிப்பிடுவோம். 1930களில் அமெரிக்காவில் தோன்றிய இவ்வகை வண்டி, யுத்தம் முடிந்தபின், 1947 செப்டம்பரில் ‘பாப்புலர் மெக்கானிக்ஸ்’ பத்திரிகை அதன் வரைபடத்தை வெளியிட்டதும், கொல்லைப்புறத்தில் ரம்பமும் சுத்தியலும் வைத்திருந்த சாமான்யர்கள் தாங்களே செய்துகொள்ளக்கூடிய பொருளாயிற்று. அதன் உருவத்தில்தான் விசித்திரம் இருக்கிறது: கார்ப் பக்கம் பருத்து உருண்டும், பின்பக்கம் மெலிந்து சரிந்தும் இருக்கும். அம்பும் ஈட்டியும் படகின் முகப்பும் கூரிய முனையை முன்னே வைத்துச் செல்வதைக் கண்டு பழகிய எவருக்கும், இதைத் திசைமாற்றிப் பூட்டிவிட்டார்களோ என்றே தோன்றும்.

மகாராஷ்டிர அரசு 2021ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாவுக்கென ஒரு கொள்கையை வகுத்த பிறகு, சக்கரத்தின்மேல் வீடு என்னும் எண்ணம் நம் பக்கத்திலும் பேச்சுக்கு வந்திருக்கிறது. பாண்டுப்பில் இதைச் செய்ய வேண்டிய கைவேலையும் அந்நியமானதன்று. லால் பகதூர் சாஸ்திரி மார்க்கின் ஓரமாகச் சியட் டயர் ஆலை நிற்கும் ஊர் இது. வடக்கே தாணேயில் 1960களிலேயே ஃபைபர்கிளாஸ் பில்கிங்டன் நிறுவனம் கண்ணாடி இழை தயாரிக்கத் தொடங்கியது. ‘காளா’ என்று மும்பையில் வழங்கும் சிறு தொழிற்கூட அறைகளில் ரெசின் என்னும் பிசினும் மேட் என்னும் கண்ணாடி இழை விரிப்பும் கொண்டு ஃபைபர் தொட்டிகளும் சிலைகளும் செய்யும் கைகள் இன்றும் உள்ளன. ஆகவே, இங்கே ஒருவர் ஃபைபரில் இழுவண்டி ஒன்று செய்யப் புகுந்தால் அதன் உருவத்தை எப்படித் தீர்மானிக்க வேண்டும் என்பதைப் படிப்படியாக ஆராய்வோம்.

மழைத்துளி காட்டாத வடிவம்

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிட வேண்டும். துளி என்றதும் நாம் வரைகிற, மேலே கூர்ந்து கீழே பருத்த அந்த உருவம், குழாயின் வாயில் தொங்கிக்கொண்டு விழப்போகும் நீருக்கு உரியது. ஆகாயத்தினின்று விழும் மழைத்துளி அந்த உருவத்தில் இருப்பதேயில்லை. இரண்டு மில்லிமீட்டருக்கு உட்பட்ட சிறு துளி ஏறக்குறைய முழுக் கோளமாக இருக்கிறது. அதனினும் பெரியது எதிர்வரும் காற்றினால் அடிப்புறம் தட்டையாகிவிடுகிறது. ஐந்தாறு மில்லிமீட்டரைத் தாண்டினாலோ பெரும்பாலும் உடைந்து சிதறிவிடுகிறது. மேல்நோக்கி வீசும் காற்றோட்டத்தில் துளிகளை மிதக்கவிட்டு, 1904ஆம் ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி பிலிப் லெனார்ட் இதை ஆராய்ந்து கூறினார்.

ஆகவே இழுவண்டியின் வடிவத்துக்கு மழையினிடத்தில் முன்மாதிரி தேடுவது வீண். அது கிடைக்கும் இடம் நீருக்குள் இருக்கிறது. பறக்கும் இயந்திரத்தைப் பற்றி முதன்முதலில் முறையாகச் சிந்தித்த ஆங்கிலேயர் ஜார்ஜ் கேலி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், டிரவுட் மீன் ஒன்றின் உடற்சுற்றளவைத் தலை முதல் வால் வரை அளந்து, குறைந்த எதிர்ப்புடன் செல்லும் உருவம் எது என்று ஆராய்ந்தார். அந்த மீனின் உடலில் மிகப் பருத்த இடம் நடுவுக்கு முன்னால் இருக்கிறது. அங்கிருந்து வால் வரைக்கும் நெடிய, அவசரமில்லாத மெலிவு.

காற்று பிடித்து இழுக்கும் இடம்

ஓடும் பொருளின் முன்னால் காற்று நெருக்குண்டு அழுத்தம் மிகுகிறது. பின்பு அது பக்கவாட்டிலும் மேலுமாகப் பிரிந்து உடலைத் தழுவிச் சென்று, பின்புறத்தில் மறுபடியும் ஒன்றுசேர முயல்கிறது. உடல் மெல்ல மெலிந்து சென்றால், காற்று அதன் பரப்பை விட்டு விலகாமலே கூடிக்கொள்ளும். கூடும் இடத்தில் அழுத்தம் மீண்டும் உயர்ந்து, முன்னால் பெற்ற எதிர்ப்பின் பெரும்பகுதியைப் பின்னாலிருந்து தள்ளி ஈடுசெய்துவிடும். உடல் திடீரென்று முடிந்துவிட்டாலோ, விரைந்து வந்த காற்று அவ்வளவு கூர்மையாகத் திரும்ப முடியாமல் பரப்பை விட்டுப் பிரிந்துபோகும். அது விட்டுச்சென்ற இடத்தில் அழுத்தம் குறைந்து, காற்று சுழன்று குமுறிக்கொண்டே வண்டியைப் பின்தொடரும். இப்பகுதியைப் பின்சுழல் என்று அழைப்போம். முன்னே மிகுந்த அழுத்தமும் பின்னே குறைந்த அழுத்தமும் சேர்ந்து உடலைப் பின்னோக்கி வலிக்கும் விசைக்குக் காற்றிழுப்பு என்று பெயரிடுவோம். பாண்டுப் நடைமேடையில் காகிதத்தை ஓட்டியது, சதுரமாக முடிந்த கடைசிப் பெட்டியின் பின்சுழலே.

ஒரே பருமனுள்ள ஒரு பந்தையும், மீன்போக்கில் மெலிந்த ஓர் உடலையும் காற்றில் நிறுத்தி அளந்தால், பின்னதன்மேல் விழும் காற்றிழுப்பு பந்தினுடையதில் பத்தில் ஒரு பங்களவே இருக்கும். முன்பக்கம் இரண்டுக்கும் பெரிய வேற்றுமை இல்லை. இத்தனை லாபமும் வாலினால் வந்தது. முகப்பைப் பொறுத்தவரை காற்று கேட்பது மிகச் சிறிய சலுகை. விளிம்புகள் கத்தி வெட்டாக இராமல் ஒரு சாண் அளவுக்கு வளைந்திருந்தால் அது பிரியாமல் திரும்பிக்கொள்ளும். முழு உருண்டை மூக்கு வேண்டியதில்லை. இழுவண்டிக்கோ முன்னால் கார் வேறு செல்கிறது. முகப்பின் பெரும்பகுதி காரின் பின்சுழலுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. எனவே செய்பவர் தம் சிரத்தை முழுவதையும் செலுத்த வேண்டிய இடம் வண்டியின் பின்பாதி.

இந்த ஞானம் மோட்டார் உலகத்துக்குப் பழையது. விமானங்களைச் செய்துவந்த எட்முண்ட் ரும்ப்ளர் 1921இல் பெர்லினில் காட்சிக்கு வைத்த கார், மேலிருந்து நோக்கினால் துளி வடிவமாகவே இருந்தது. மிகச் சிலவே விற்பனையாயின. ஆனால் 1979ஆம் ஆண்டில் அவற்றுள் ஒன்றை ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் காற்றுச் சுரங்கத்தில் நிறுத்திச் சோதித்தபோது, அந்நாளைய புதுக் கார்களுக்கே எட்டாத அளவு குறைந்த எதிர்ப்புடன் அது விளங்கியது கண்டு பொறியியலார் வியந்தனர்.

வாலை எங்கே வெட்டுவது?

இனி நம் இழுவண்டிக்கு அளவு குறிப்போம். நீளம் 2.4 மீட்டர், அகலம் 1.5 மீட்டர், தரைப்பலகைக்கு மேல் உயரம் 1.2 மீட்டர். இருவர் படுக்கப் போதுமானது. பாண்டுப்பின் சந்துகளில் திருப்பவும், கட்டடத்தின் வாசலில் ஒதுக்கி நிறுத்தவும் ஏற்றது. மிக உயர்ந்த இடத்தை முன்முனையிலிருந்து 90 சென்டிமீட்டரில் வைப்போம். சரிவுக்கு மீதி 1.5 மீட்டர்.

கூரை எவ்வளவு செங்குத்தாகச் சரியலாம்? சுமார் 12 பாகைக்குள் சரிந்தால் காற்று பரப்பை விடாது. 15 பாகையைத் தாண்டினால் பெரும்பாலும் பிரிந்துவிடும். 12 பாகை என்பது ஐந்து மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் இறக்கம். அந்தக் கணக்கில் 1.2 மீட்டர் உயரமுள்ள கூரை தரைப்பலகையைத் தொட வேண்டுமானால் வால் ஐந்தரை மீட்டருக்கும் மேல் நீள வேண்டும். நம்மிடம் இருப்பதோ ஒன்றரை மீட்டர். இங்கேதான் புகைப்படங்களில் காணும் அழகிய இழுவண்டிகள் நம்மை ஏமாற்றிவிடுகின்றன. வட்டமாக வளைந்து தரைப்பலகை வரை இறங்கும் அவற்றின் முதுகில், காற்று பாதி வழியிலேயே விட்டுப் போய்விடுகிறது. அதற்குக் கீழுள்ள வளைவு கண்ணுக்கு இன்பமாக இருக்கலாமேயன்றி, காற்றுக்கு அதனால் யாதொரு பயனுமில்லை. மேலும், உருண்ட பரப்பில் காற்று பிரியும் இடம் நிலையாக இராமல் வேகத்துக்கும் பக்கக்காற்றுக்கும் ஏற்ப மாறிக்கொண்டேயிருக்கும்.

இதற்கு விடையை 1930களில் ஸ்டுட்கார்ட் நகரப் பேராசிரியர் வூனிபால்ட் காம் முதலியோர் கண்டனர். காற்று தழுவிவரும் வரையில் உடலை மெலியவிட்டு, அதற்குமேல் நீட்டாமல் செங்குத்தாக வெட்டிவிடுவதே அந்த யுக்தி. நீண்ட வாலின் லாபத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது. நீளமும் பளுவும் மிச்சம். நம் வண்டியின் கூரை 12 பாகையில் ஒன்றரை மீட்டர் சரிந்தால் 32 சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். பின்முகத்தின் உயரம் 88 சென்டிமீட்டர்.

அத்துடன் நிற்க வேண்டுமா? பக்கச் சுவர்களையும் இருபுறமும் எட்டெட்டுப் பாகை உள்வாங்கச் செய்தால், பின்முகத்தின் அகலம் 1.5 மீட்டரிலிருந்து 1.08 மீட்டராகச் சுருங்கும். சதுரப் பெட்டியாகக் கட்டியிருந்தால் 1.8 சதுர மீட்டராக இருந்திருக்கும் பின்முகம், இப்போது ஒரு சதுர மீட்டருக்கும் குறைவு. பின்சுழலும் அந்த அளவுக்கு ஒடுங்கும். படுக்கை இடம் குறைந்துவிடுமே என்றால், மனித தேகமே தோளில் அகன்று பாதத்தில் ஒடுங்கியிருக்கிறது. தலையை முன்னும் காலைப் பின்னும் வைத்துப் படுத்தால், ஒடுங்கும் சுவர் யாருக்கும் இடைஞ்சல் செய்யாது. பாதங்களுக்கு மேலே மிஞ்சும் வெற்றிடமே சமையல் அலமாரிக்கு உரிய இடம்.

லோணாவளாவுக்குப் போகும் வழியில்

இந்த வடிவத்தினால் ஆகும் மிச்சம் எத்தனை என்று அறிய, பாண்டுப்பிலிருந்து மலையூரான லோணாவளா வரை மனத்தாலேயே ஒரு பிரயாணம் செய்வோம். சமவெளியில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் என்க. கூர்விளிம்புச் சதுரப் பெட்டி தனியே அவ்வேகத்தில் சென்றால், அதைக் காற்று சுமார் 49 கிலோ எடையின் விசையோடு பின்னுக்கு இழுக்கும். நன்கு மெலிந்து வெட்டப்பட்ட வாலுள்ள உடலை 16 அல்லது 17 கிலோவோடு இழுக்கும். வித்தியாசம் 32 கிலோ. அதை அந்த வேகத்தில் ஓயாமல் சுமக்க ஒன்பது குதிரைத்திறனுக்கு மேல் வேண்டும். சிறிய காருக்கு இது அற்பமான சுமையன்று. கார் முன்னே சென்று காற்றைக் கிழித்துக் கொடுப்பதால் உண்மையில் இரண்டு எண்களும் குறையும் என்றாலும், அவற்றின் ஏற்றத்தாழ்வு பெரிதும் நிலைக்கும்.

கோப்போலியைத் தாண்டிப் போர் காட் ஏற்றம் தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிறது. வேகம் 40 ஆகக் குறைகிறது. வேகம் பாதியானால் காற்றிழுப்பு காற்பங்காகிவிடும். பெட்டிக்கு 12 கிலோ, மெலிந்த உடலுக்கு 4 கிலோ. ஆனால் இருபதுக்கு ஒன்று என்னும் ஏற்றத்தில், 300 கிலோ எடையுள்ள வண்டி தன் பளுவினாலேயே 15 கிலோ விசையோடு பின்னுக்கு இழுக்கிறது. கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு நூறு கிலோவும் மேலும் ஐந்து கிலோ சேர்க்கும். லோணாவளா கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 620 மீட்டர் மேலே இருப்பது. அங்கே ஏறுகிறவனுக்குக் காற்றைவிடக் கனமே பெரிய பகை. ஐரோப்பிய நெடுஞ்சாலையில் நாள் முழுதும் ஒரே வேகத்தில் ஓடும் வண்டிக்கு வகுத்த இலக்கணத்தை அப்படியே நமக்கு எடுத்துக்கொள்ளலாகாது. மும்பையிலிருந்து எந்தத் திசையில் குளிர்ச்சியைத் தேடிப் போனாலும் ஸஹ்யாத்ரி மலையில் ஏறித்தானே ஆக வேண்டும்? உருவத்துக்காகப் பளுவைக் கூட்டுவது நம் ஊருக்குப் பொருந்தாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

பலகை வளையும், ஃபைபர் குழையும்

ஃபைபர் இலேசானது என்பது பொதுவான நம்பிக்கை. கணக்கிட்டுப் பார்ப்போம். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை மேட்டை இரண்டடுக்காக வைத்து, இழையின் எடையைப் போல் இரண்டரை மடங்கு ரெசின் ஊட்டினால், மேற்பூச்சான ஜெல்கோட்டும் சேர்ந்து சதுர மீட்டருக்கு மூன்றே முக்கால் கிலோ அளவில் வரும். நம் வண்டியின் மேனி சுமார் பத்துச் சதுர மீட்டர். ஆக 37 கிலோ. ஆறு மில்லிமீட்டர் பிளைவுட்டினால் மூடியிருந்தாலும் ஏறக்குறைய இதே எடைதான். பளுவைக் குறைப்பதற்காக ஃபைபரை நாடுகிறவர் ஏமாற்றமடைவார்.

அதன் மகிமை வேறிடத்தில் இருக்கிறது. பிளைவுட் பலகை ஒரு திசையில் மட்டுமே வளையும். அதே பலகையைக் குறுக்கிலும் வளைக்க முயன்றால் மடங்கும் அல்லது பிளக்கும். 1947ஆம் ஆண்டு வரைபடத்து வண்டியின் பக்கச் சுவர்கள் இரண்டும் தட்டையாக நின்றதற்குக் காரணம் இதுவே. அது பக்கத்திலிருந்து பார்த்தால் மட்டும் துளி, மேலிருந்து பார்த்தால் வெறும் செவ்வகம். ஈரமான மேட் எந்தத் திசையிலும் குழைந்து படியும். ஆகையால் கூரையும் இரு பக்கங்களும் ஒருங்கே ஒடுங்குகிற, மேலே நாம் கணித்த வாலை, மூட்டோ ஆணியோ இல்லாமல் அதனால் செய்ய முடிகிறது.

இருதிசையிலும் வளைந்த பரப்புக்கு இன்னொரு குணமும் உண்டு. கொட்டாங்கச்சியை எடுத்துக் கையால் நெரித்துப் பாருங்கள். அத்தனை மெல்லிய ஓடு அசையாமல் நிற்பது வளைவின் பலத்தினால்தான். அதே இரண்டு மில்லிமீட்டர் ஃபைபரைத் தட்டையான தகடாக வைத்தால் விரல் பட்டாலே உள்வாங்கும். மேடுபள்ளச் சாலையில் டப்டப்பென்று அடித்துக்கொண்டு, நாளடைவில் வெடிப்பு விடும். சுவரில் தட்டையான இடம் தவிர்க்க முடியாதபோது இரண்டு மெல்லிய ஃபைபர்த் தோல்களுக்கு நடுவே நுரைப்பலகை வைத்துத் தடிமனைக் கூட்டலாம். தடிமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும் என்பதால், சிறிதளவு நுரையே பெரும் பலன் தரும். நம் வீடுகளில் எளிதில் கிடைக்கிற தெர்மோகோலை மட்டும் இதற்கு எடுத்துவிடக் கூடாது. பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் பட்டதும் அது கண்முன்னே கரைந்து காணாமற் போகும். பாலியூரித்தேன் நுரை கரையாது.

கனடாவின் வின்னிபெக் நகரில் ரே ஒலெக்கோ என்பவர் 1968இல் வெளியிட்ட ‘போலர்’ என்னும் இழுவண்டி இந்தத் தத்துவத்துக்கு நல்ல சான்று. அதற்கு முன் அவர் ஃபைபரில் கழிவுநீர்த் தொட்டி செய்தவர். தொட்டிக்கு ஏற்ற பொருள் வீட்டுக்கும் ஏற்கும் என்று கண்டு, மேற்பாதியையும் கீழ்ப்பாதியையும் தனித்தனி அச்சில் வார்த்து, இடுப்பில் ஒன்றாகப் பொருத்தினார். முட்டை வடிவான அவ்வண்டிகளில் பல இன்றும் ஓடுகின்றன. நம் நாட்டிலும் பெங்களூரில் சிபானி நிறுவனம் 1980களில் ‘டால்பின்’ என்னும் காரை ஃபைபர் மேனியோடு செய்து விற்றது. 2004ஆம் ஆண்டு சுனாமிக்குப்பின் தமிழகக் கடற்கரையில் கட்டுமரத்தின் இடத்தை ஃபைபர் படகுகள் எவ்வளவு விரைவாகப் பிடித்துக்கொண்டன என்பது, நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பாண்டுப்புக்கு வந்து குடியேறிய குடும்பங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒன்றே ஒன்று செய்பவருக்கு

நூறு வண்டி செய்பவர்தான் பள்ளமான அச்சைச் செய்ய வேண்டும். உருவம் அச்சிலிருந்து கழன்று வருவதற்காக எல்லாப் பக்கமும் சற்றே விரிந்திருக்க வேண்டும் என்னும் கட்டுப்பாடும் அவருக்கே. ஒன்றே ஒன்று செய்பவர், பிளைவுட் விலா எலும்புகளை நிறுத்தி, இடையே நுரையை ஒட்டி, இழைத்து உருவாக்கி, அதன்மேல் மேட்டைப் போர்த்தி ரெசின் ஊட்டிவிடலாம். நுரை உள்ளேயே தங்கி வெப்பத்தையும் தடுக்கும். அமெரிக்காவில் பர்ட் ரூட்டன் 1970களில் வீட்டிலேயே செய்யக்கூடிய விமானங்களை இவ்விதமாகவே, அச்சில்லாமல் செய்வித்தார். வெளிப்புறத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் வேலை மட்டும் பல வாரம் பிடிக்கும்; அதற்குப் பொறுமை வேண்டும்.

வேலையில் இறங்குமுன் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ரெசினை இறுகச் செய்ய, துரிதப்படுத்தும் கோபால்ட்டு ஒன்றும், இறுகலைத் தொடங்கிவைக்கும் கேட்டலிஸ்ட் ஒன்றும் கடையில் தருவார்கள். இவ்விரண்டும் நேருக்கு நேர் கலந்தால் தீப்பற்றி வெடிக்கக்கூடும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பின்பே கேட்டலிஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் கையுறையும் இன்றிக் கேட்டலிஸ்ட்டைத் தொடலாகாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் இந்த வேலையைத் தொடங்காதிருப்பது உத்தமம். ஈரம் ஏறிய மேட்டில் ரெசின் ஊறாது, ஊறினாலும் பிற்பாடு அடுக்கு அடுக்காகப் பிரியும்.

மழையும் உறக்கமும்

வெட்டிய வாலை நான் விரும்புவதற்குக் காற்றைத் தவிர வேறு காரணமும் உண்டு. வட்டமான முதுகில் வைக்கும் கதவு வளைந்த கதவு. அதன் விளிம்பு முழுதும் ஒரே சீராக ரப்பரில் அழுந்துவது கடினம், கீல் இருக்கும் உச்சியிலோ மழைநீர் எப்போதும் வழிந்து வந்து தேங்கும். செங்குத்தான பின்முகத்தில் வைக்கும் கதவு தட்டையானது. அதற்கு மேலே கூரையின் விளிம்பை ஓரங்குலம் நீட்டிவிட்டால், காற்று பிரிவதற்குக் கூரிய விளிம்பாகவும், தண்ணீர் சொட்டுவதற்கு இறவாரமாகவும் அதுவே பயன்படும்.

மூட்டில்லாத ஃபைபர்க் கூடு வெளித்தண்ணீரை விடாது. உள்ளே பிறக்கும் ஈரத்தையும் விடாது. இருவர் இரவெல்லாம் விடும் மூச்சு, குளிர்ந்த கூரையில் நீர்முத்துக்களாகப் படியும். ஆகவே தாழ்வாக ஒன்றும் உயரமாக ஒன்றுமாகக் காற்றுத் துவாரங்கள் இரண்டு எப்போதும் திறந்திருக்க வேண்டும். உயரத் துவாரத்தைக் கூரையின் சரிவில், அழுத்தம் குறைவான பகுதியில் வைத்தால், ஓடும்போது மழைத்துளி உள்ளே தள்ளப்படாது. புதிதாகச் செய்த கூட்டில் ஸ்டைரீன் வாடை அறவே நீங்கும் வரை, சில வாரமாயினும், வெயிலில் திறந்து வைத்திருக்காமல் அதற்குள் யாரும் உறங்கலாகாது. அடுப்பை ஒருபோதும் உள்ளே கொண்டுவரலாகாது.

கடைசியாகச் சமநிலை. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு காரின் கொக்கியின்மேல் அழுந்தும்படி அச்சுத்தண்டின் இடத்தைக் குறிக்க வேண்டும். பின்பாரம் மிகுந்தால் இழுவண்டி வேகத்தில் இடமும் வலமுமாக ஆடி, காரையும் தன்னோடு இழுத்துவிடும். பின்புறத்து அலமாரியில் வைக்கும் இருபது லிட்டர்த் தண்ணீரும் கேஸ் சிலிண்டரும் இந்தக் கணக்கில் சேர்ந்தவை. அவற்றை நிரப்பி ஏற்றி, கொக்கியின் கீழ் ஒரு தராசை வைத்துப் பார்த்த பிறகே அச்சுத்தண்டை வெல்டிங் செய்ய வேண்டும். விளக்குகளையும் எண்பலகையையும் வெட்டிய பின்முகத்தில் பொருத்தி, போக்குவரத்து அலுவலகத்தில் முறைப்படி பதிவு பெற்ற பிறகே சாலைக்குக் கொண்டுவர வேண்டும்.